காகிதத்தைத் தராசில் வையுங்கள்

பங்குனியில் புங்கமரம் துளிர்விட்டதும் கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து இந்த நுகர்வோர் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் மிக்ஸி, குக்கர் புகார்கள் பின்னுக்குப் போய்விடுகின்றன. தளிரையும் பூவையும் பறவையையும் பார்த்து வரைந்து, தேதி போட்டு நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல பழக்கம்தான். அதற்காக வாங்குகிற பொருள்கள்தான் இந்த வாரத் தலைவலி.

கேள்வி: அட்டையில் '300 ஜி.எஸ்.எம்.' என்று அச்சிட்ட ஏ4 ஸ்கெட்ச் நோட்டு வாங்கினேன். வாசலில் நிற்கும் புங்கந்தளிரை வாட்டர் கலரில் வரைந்தால் தாள் அப்பளம்போல் வளைகிறது. மேற்பரப்பு துகள் துகளாக உரிகிறது. நான் தண்ணீர் அதிகம் விடுவதாகக் கடைக்காரர் சொல்கிறார். ஒரு தாளை இணைத்திருக்கிறேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம்

பதில்: அம்மா, தண்ணீர் அதிகமில்லை, காகிதம்தான் குறைவு. நீங்கள் அனுப்பிய தாளைத் தெருமுனை நகைக்கடைத் தராசில் வைத்தேன். 11 கிராம்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஏ4 தாள்கள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். எனவே 300 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று ஏறக்குறைய 18.7 கிராம் இருக்க வேண்டும். உங்களுடையதைப் பதினாறால் பெருக்கினால் 176தான் வருகிறது. அரிசியில் ஐம்பது கிராம் குறைந்தால் கடை வாசலிலேயே சண்டை பிடிக்கிற நாம், காகிதத்தில் நாற்பது சதவீதம் குறைந்தால் மட்டும் 'எனக்குத்தான் வரையத் தெரியவில்லை போலிருக்கிறது' என்று நம்மையே நொந்துகொள்கிறோம். ஏமாற்றுகிறவருக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? இந்தக் கோபம் எனக்குப் பல வருடமாக ஆறவில்லை. வாட்டர் கலருக்கு மாறுகிறவர்கள் எல்லோரும் முதலில் இந்த இடத்தில்தான் அடி வாங்குகிறார்கள். பாதிப் பேர் அத்தோடு பிரஷ்ஷை வைத்துவிடுகிறார்கள்.

எடை சரியாக இருந்தாலும் போதாது. ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு சற்று நேரம் மேலேயே நின்றால் பசைப்பூச்சு சரியாக இருக்கிறது. விழுந்த உடனே உறிஞ்சிக்கொண்டால், அது எழுதுவதற்குக்கூட லாயக்கில்லை. கடற்காற்றின் ஈரத்தில் நல்ல காகிதமும் நாளடைவில் அப்படி ஆகிவிடும். மொத்தமாக வாங்கி அலமாரியில் அடுக்க வேண்டாம்.

பொருள் சொன்னபடி இல்லை என்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகாருக்குப் போதுமான காரணம். எடைக் கணக்கை ஒரு தாளில் எழுதி, பில் நகலோடு கடைக்காரரிடம் கொடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: அழகான மார்பிள் அட்டை போட்ட கைக்காகித டைரி வாங்கினேன். வேப்பம்பூவை வரைந்தால் வண்ணம் ஊறிப் பரவி அடுத்த பக்கத்துக்கும் போய்விடுகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

பதில்: கிடைக்காது, தம்பி. அது டைரி. வாட்டர் கலருக்கு என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அரவிந்தர் ஆசிரமத்தின் ஆலையில் 1959 முதல் கைக்காகிதம் செய்துவருகிற ஊரில் இருந்துகொண்டு, எந்தக் காகிதம் எதற்கு என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் அட்டையைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். அதில் பென்சிலால் வரையுங்கள்.

கேள்வி: மகளுக்காக 48 வண்ணங்கள் கொண்ட 'வசந்தகாலத் தொகுப்பு' ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பாதி வண்ணங்கள் இளஞ்சிவப்பும் ஊதாவும்தான். அவள் வரைந்து ஜன்னலோரம் ஒட்டிய கல்யாண முருங்கைப் பூ இப்போது வெளுத்துப் போய்விட்டது.
– நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: அந்தப் பெட்டி செர்ரி பூக்கிற நாட்டு வசந்தத்துக்காகச் செய்தது. நம் ஊரில் அரசந்தளிரும் மாந்தளிரும் செம்பு நிறத்தில் வரும். புங்கந்தளிர் மஞ்சள் கலந்த பச்சை. இந்த இரண்டுக்கும் அந்த 48இல் ஒன்றும் நேராகப் பொருந்தாது.

டியூபின் முதுகில் பொடி எழுத்தில், உள்ளே இருக்கும் நிறப்பொருள் எது என்று சொல்லும் நிறமி எண் இருக்கும். அதைப் பார்த்து நான்கே வாங்குங்கள்: எலுமிச்சை மஞ்சள் (பி.ஒய். 3), அல்ட்ராமரைன் நீலம் (பி.பி. 29), ரோஜாச் சிவப்பு (பி.வி. 19), பர்ன்ட் சியன்னா (பி.பி.ஆர். 7). மஞ்சளில் துளி நீலம் விட்டால் புங்கந்தளிர். பர்ன்ட் சியன்னாவில் ரோஜாச் சிவப்பைச் சேர்த்தால் மாந்தளிர். வெயிலில் சீக்கிரம் வெளுப்பதற்குப் பேர்போன சிவப்பு பி.ஆர். 83, அதைத் தவிருங்கள். நிறமி எண்ணே போடாத பெட்டியை நான் கையால்கூடத் தொடுவதில்லை. தொட்ட காலத்தில் வாங்கிய 36 வண்ணப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் தேய்ந்தவை ஆறு. மீதி முப்பதும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கின்றன.

கேள்வி: தெரிந்த ஒருவர் 'பழைய ஸ்டாக்' என்று இயற்கை முடி பிரஷ் மலிவாகத் தருகிறார். கீரி முடியாம். வாங்கலாமா?
– முத்தியால்பேட்டை வாசகி

பதில்: கூடாது. கீரி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள விலங்கு. முடிக்காக அதைக் கொல்கிறார்கள். அந்த பிரஷ்ஷை விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். பழைய ஸ்டாக் என்ற சாக்கு செல்லாது. 2019இல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு இதற்காகவே நாடு முழுவதும் சோதனை நடத்தியது. இயற்கையை வரைவதற்கு ஒரு கீரியைக் கொன்ற பிரஷ்ஷா? நைலான் இழை பிரஷ் இப்போது அருமையாக வருகிறது.

கேள்வி: ஊசுட்டேரிப் பறவைகளைப் பார்த்து வரைய '30x60' பைனாகுலர் வாங்கினேன். இருட்டாகத் தெரிகிறது.
– பாகூர் வாசகர்

பதில்: ஸ்கேல் எடுத்து முன்பக்கக் கண்ணாடியின் விட்டத்தை அளங்கள். 60 என்றால் 60 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உங்களுடையது 22 இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். என்னுடையது அப்படித்தான் இருந்தது. படம் எடுத்து, வாங்கிய தளத்துக்கே அனுப்புங்கள். சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்ல, 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் விற்பவருக்கு இடமில்லை. பறவை பார்க்க 8x42 போதும். நிஜமான முப்பது மடங்காக இருந்தாலும் கை நடுக்கத்தில் கொக்கு துள்ளும்.

கேள்வி: விலை குறையும் என்று பில் இல்லாமல் வண்ணம் வாங்கினேன். ஆறு டியூப் காய்ந்து கிடக்கிறது. கடைக்காரர் என்னைத் தெரியாது என்கிறார்.
– அரியாங்குப்பம் வாசகர்

பதில்: எனக்கும் தெரியாது.

கேள்வி: 'வசந்தகால இயற்கைக் குறிப்பேடு, நேரடி வகுப்பு' என்ற விளம்பரத்தைப் பார்த்து 4,800 ரூபாய் கட்டினேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். வந்தவை பழைய வீடியோக்கள். 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்பது நிபந்தனையாம்.
– பண்ருட்டி வாசகி

பதில்: மனம் தளர வேண்டாம் அம்மா, இதில் தவறு உங்களுடையது இல்லை. நேரடி என்று சொல்லிப் பதிவை விற்பது சேவைக் குறைபாடு. அவர்களாகவே எழுதிக்கொண்ட ஒரு வரியால் அது சரியாகிவிடாது. விளம்பரம் மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் கட்டிய ரசீதோடு, பதினைந்து நாள் கெடு வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறகு நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் புகார். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டு. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழக்கு எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பிரஷ் உறையில் 390 ரூபாய் ஸ்டிக்கர். லேசாக உரித்தால் அடியில் 240.
– திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: விலையைக் கூட்டி ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. குறைத்து ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அதுவரை ஸ்டிக்கரை முழுதாக உரித்துவிடாதீர்கள். பாதி உரிந்து நின்றால்தான் அது சாட்சி.