ஐயரம்மாவும் ஊழியக்காரியும்

அன்புள்ள அக்கா,

சபையில் ஆண் பெண் சமத்துவம் பற்றிய மாநாட்டுக்குப் போய்வந்ததாகப் போன மாதம் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எங்கள் சேகரத்திலிருந்தும் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகள்) அதுபோல ஒரு மாநாட்டுக்கு இரண்டு பேரை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் மாமா, "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்னு பைபிள்ல பவுலே எழுதிவச்சிருக்கார், இதென்ன புதுப் பழக்கம்" என்கிறார். என் கணவரோ, "நம்ம சி.எஸ்.ஐ.யில லேடி ஐயரும் வந்தாச்சு, லேடி பிஷப்பும் வந்தாச்சு, இன்னும் என்ன வேணுமாம்" என்கிறார். இரண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. போகலாமா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

போங்கள். மாமாவிடமும் கணவரிடமும் ஜெயித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று காத்திருந்தால் மாநாடு முடிந்துவிடும்.

உங்கள் கணவர் சொல்வதில் பொய்யில்லை. நம் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, 1976இலேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டது. இங்கிலாந்துத் திருச்சபை அந்த இடத்துக்கு வர 1994 ஆனது. 2013இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயரானார். இங்கிலாந்தில் முதல் பெண் பேராயர் 2015 ஜனவரியில்தான். நான் போன மாநாட்டிலும் இதை ஒருவர் சொன்னார். கைதட்டினோம். தட்டிக்கொண்டே மேடையைப் பார்த்தேன். ஏழு நாற்காலி, அதில் ஐந்து வேட்டியும் பேன்ட்டும். ஆரம்ப ஜெபத்துக்கு ஒரு அம்மா, நன்றியுரைக்கு ஒரு அம்மா.

பதவி வந்துவிட்டது, அதைக் கூப்பிடத்தான் நமக்கு வாய் வரவில்லை. நம் பக்கத்தில் குருவானவர் என்றால் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. அப்படியானால் குருவானவரே பெண்ணாக இருந்தால்? அங்கே வந்திருந்த ஒரு இளம் குருவானவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மாற்றலாகிப் புதுச் சேகரத்தில் போய் இறங்கியபோது, மாலையோடு நின்றவர்கள் அவரைத் தாண்டிக் காருக்குள் எட்டிப் பார்த்து, "ஐயர் எங்கம்மா?" என்று கேட்டார்களாம். பின்னால் பெட்டியோடு இறங்கிய கணவர் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது. அவர் பேங்க் வேலைக்காரர். இன்றைக்கும் டீக்கடையில் அவரைத்தான் ஐயர் என்கிறார்களாம். பிரசங்கம் செய்கிறவரோ ஐயரம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார் என்றேனே, கடைசியில் சிரிக்கவில்லை.

மாமாவுக்கு வருகிறேன். அவர் காட்டுவது பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 14ஆம் அதிகாரம். அதே நிருபத்தில் மூன்று அதிகாரம் முன்னால், ஜெபம்பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார் பவுல். மூடிக்கொண்டு வாயைத் திறக்கத்தானே? 14ஆம் அதிகாரத்தை வைத்து நம்மை உட்காரவைக்கிறவர்கள் 11ஆம் அதிகாரத்திலிருந்து முக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 'புதுப் பழக்கம்' என்கிறாரே, பாளையங்கோட்டைப் பக்கம் போகும்போது அவரை பாப்பாத்தியம்மாள் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். குளோரிந்தா என்ற பிராமண விதவை கட்டி 1785இல் பிரதிஷ்டையானது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர் என்பதால் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல்தான் கொடுத்தார். திருநெல்வேலித் திருச்சபையின் கதை அந்த அம்மாளிடமிருந்துதான் தொடங்குகிறது.

நான் உண்மையில் உங்களுக்குச் சொல்ல நினைத்தது வேறு. இரண்டாம் நாள் காலை வேதபாடத்தின்போது நான் பந்தலில் இல்லை. காபி கேட்கப் போன இடத்தில் சமையல்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாநாடு சமத்துவத்தைப் பற்றியது, மத்தியானச் சாப்பாடு முந்நூறு பேருக்கு. அந்தச் சபையின் பெண்கள் சங்கம் முழுக்க அங்கேதான் இருந்தது. அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வருகிற அதே அண்டா, அதே அரிவாள்மனை. நானும் ஒரு கூறு வெங்காயம் உரித்தேன். கூம்பு ஒலிபெருக்கியில் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரம் ஓடிக்கொண்டிருந்தது: 'சபைக்கு ஊழியக்காரியாகிய நம்முடைய சகோதரி பெபேயாள்'. இதே கிரேக்கச் சொல்லைத்தான் எபேசியரில் பவுல் தன்னைப் பற்றியும் எழுதுகிறார், தமிழிலும் அங்கே 'ஊழியக்காரனானேன்' என்றே இருக்கிறது, பிலிப்பியரில் சபைப் பொறுப்பாளர்களைச் சொல்லும்போது மட்டும் அது 'உதவிக்காரர்' ஆகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார் பேசியவர்.

என் பக்கத்தில் எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி. வெங்காயத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார், "அப்ப நம்ம ஐயரும் ஊழியக்காரரு, பெபேயாளும் ஊழியக்காரியா?"

"ஆமா பாட்டி."

"நாப்பது வருசமா பிடியரிசி எடுத்து வச்சிருக்கேன். ஒரு தடவகூட சேகரக் கமிட்டியில என்னைய உக்காத்தல."

பிடியரிசி உங்களுக்குத் தெரிந்ததுதான். உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி அரிசியை மிஷன் காணிக்கைக்கென்று தனிப் பானையில் போட்டுவைப்பது. எத்தனையோ ஊழியர்கள் அந்தப் பானையில் சாப்பிட்டவர்கள். அதை எண்ணிக் கணக்கெழுதும் இடத்தில்தான் பாட்டிக்கு நாற்காலி இல்லை. பந்தலில் யாரும் இதைக் கேட்கவில்லை. பாட்டி பந்தலுக்கு வரவே இல்லையே.

அதனால் ஒரு உதவி. போகும்போது உங்கள் சேகரக் கமிட்டி உறுப்பினர் பட்டியலையும், போன டி.சி. (திருமண்டலப் பேரவை) தேர்தலில் யார் யார் நின்றார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குழுக்களாகப் பிரித்து உட்காரவைப்பார்கள், அப்போது அந்தத் தாளை எடுத்து வாசியுங்கள். இரண்டாவது நாள் வேதபாடத்துக்கு முன்னால் சமையல்கட்டுப் பக்கம் போய், அண்டாவை அரைமணி நேரம் பார்த்துக்கொள்ள இரண்டு ஆண்களை ஏற்பாடு செய்ய முடியுமா பாருங்கள். நான் கேட்டுப்பார்த்தேன்; ஒருவர் வந்தார். சாம்பார் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.