அயர்லாந்துப் பயணம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மகன் லண்டனில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போகும்போது அயர்லாந்துக்கும் ஒரு எட்டுப் போய்வரலாமா? தனி விசா வேண்டுமா?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உங்கள் பிரிட்டன் சுற்றுலா விசாவில் 'பி.ஐ.வி.எஸ்.' (பிரிட்டன் - அயர்லாந்து விசா ஏற்பாடு) என்ற குறிப்பு இருந்தால் தனி விசா வேண்டாம். ஆனால் முதலில் பிரிட்டனில் இறங்கி, குடியேற்றச் சோதனையை முடித்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து நேரே டப்ளினுக்கு டிக்கெட் போட்டால் அந்த விசா செல்லாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் அங்கே உதவாது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் பக்கம் போனால் அது பிரிட்டன் மண். செலவுக்குப் பவுண்டு வேண்டும். எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது. வேகப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறியிருந்தால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

கேள்வி: ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவிலும் தினமும் வண்டி ஓட்டுகிறவன் நான். டப்ளினில் கார் எடுத்து கால்வே, மோஹர் பாறை, கெர்ரி மூன்றையும் மூன்று நாளில் முடித்துவிடலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: ஓட்டலாம். மூன்று நாளில்தான் முடியாது. டப்ளின் - கால்வே சுமார் 210 கி.மீ., மோட்டார்வே என்பதால் இரண்டரை மணி நேரம். அதற்கப்புறம்தான் கணக்கு உதைக்கும். கால்வேயிலிருந்து 214 மீட்டர் உயரக் கடலோரப் பாறைச்சரிவான மோஹருக்கு 75 கி.மீ.தான், கடலோரச் சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அங்கிருந்து கெர்ரிக்கு லிமெரிக் வழியாகச் சுற்றாமல், கில்லிமர் துறையில் காரோடு படகேறி டார்பர்ட்டில் இறங்குங்கள்; இருபது நிமிடம். கெர்ரியைச் சுற்றிவரும் 179 கி.மீ. 'ரிங் ஆஃப் கெர்ரி' சாலைக்கு ஒரு பகல் முழுக்க வேண்டும். கெர்ரியின் கில்லார்னி ஊரிலிருந்து டப்ளின் திரும்ப 300 கி.மீ. ஐந்து நாள் ஒதுக்குங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும்.

அங்கேயும் இடப்பக்கம்தான் என்பதால் கை பழகியிருக்கும். சிக்கல் அகலத்தில். 'எல்' என்று தொடங்கும் கிராமச் சாலைகள் பலவற்றில் ஒரு வண்டிதான் போகும். இருபுறமும் கற்சுவர், மேலே செடி மூடியிருக்கும். பயந்து இடப்பக்கம் ஒதுங்குகிறவர்களின் டயரும் கண்ணாடியும்தான் முதலில் போகின்றன. அடிப்படைக் காப்பீட்டில் இவை இரண்டும் பெரும்பாலும் சேராது, கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்வாங்க வேண்டும். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கும் நம் மலைப் பழக்கத்தை மட்டும் இங்கேயே விட்டுப் போங்கள். அங்கே அது திட்டுவதற்குச் சமம். வழிவிட்டவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் போதும்.

2025 பிப்ரவரி முதல் இந்தக் கிராமச் சாலைகளில் வேக வரம்பு 80-லிருந்து 60 கி.மீ. ஆகிவிட்டது. டப்ளினைச் சுற்றும் எம்.50 சாலையில் சுங்கச்சாவடியே இல்லை, கேமரா படம் பிடிக்கும். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் சுங்கம் கட்டாவிட்டால் அபராதம். வாடகை நிறுவனமே கட்டுகிறதா என்று சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கியர் இல்லாத கார் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள். கிரெடிட் கார்டு ஓட்டுநர் பெயரிலேயே இருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: அங்குள்ள உறவினருக்கு மல்கோவாவும் வீட்டு நெய்யும் கொண்டுபோகலாமா?
- வாசகி, சூரமங்கலம்

பதில்: நெய் கூடாது, மல்கோவா சான்றிதழ் இல்லாமல் கூடாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பாலில் செய்ததும் இறைச்சியும் பெட்டியில் வரக்கூடாது. நெய் மட்டுமல்ல, பால்கோவாவும் அதில் அடங்கும். மாம்பழம், கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய்க்கு அது வேண்டாம். இட்லிப்பொடி, ஊறுகாய் எடுத்துப்போகலாம்.

சைவமா? சிப்ஸ் எந்தக் கொழுப்பில் பொரித்தது, சூப்பில் கோழிச்சாறு சேர்ந்ததா என்று கேட்டுச் சாப்பிடுங்கள். காலை உணவில் கறுப்பு வட்டமாக வரும் 'பிளாக் புட்டிங்' இரத்தத்தில் செய்தது. சைவம் என்று தங்கும் வீட்டில் முந்தின இரவே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அங்கே ஐரிஷ் மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?
- வாசகர், வாழப்பாடி

பதில்: ஆங்கிலம் எங்கும் செல்லும். ஆனால் மேற்குக் கடலோரத்தின் ஐரிஷ் பேசும் ஊர்களில் பெயர்ப்பலகை ஐரிஷில் மட்டுமே இருக்கும். கெர்ரியின் டிங்கிள் ஊரைத் தேடுகிறவர் 'அன் டேங்கன்' என்ற பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். கழிப்பறைக் கதவில் 'எம்', 'என்', 'ஏ' என மூன்றெழுத்து இருந்தால் ஆண்கள் என்று நினைத்து நுழைந்துவிடாதீர்கள். அது பெண்களுக்கு. 'எஃப்'பில் தொடங்குவதுதான் ஆண்களுக்கு.