நாகை கடற்கரைப் புயல்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேதாரண்யம் உப்பளங்களைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புயலைப் பற்றித்தான் கேட்டிருந்தன. அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: என் மாமியாருக்கு வேதாரண்யம் பக்கம். வயது 80க்கு மேல். கஜாவைப் பற்றி யார் பேசினாலும், "அம்பத்திரண்டுல அடிச்சதைப் பாத்திருந்தா இப்படிப் பேசமாட்டீங்க" என்பார். நிஜமாகவே அது அவ்வளவு பெரிய புயலா?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: ஆமாம். தயவுசெய்து அவர் சொல்வதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நேரில் பார்த்தவர்கள் இனி அதிகம் பேர் இல்லை. 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயல் அது. கடல் சில மைல் தூரம் ஊருக்குள் வந்துவிட்டது, சுமார் 400 பேர் இறந்தார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வந்த கஜாவில் மரமும் மின்கம்பமும் போன அளவுக்கு உயிர் போகவில்லை என்றால், முன்கூட்டியே ஆயிரக்கணக்கானவர்களை முகாம்களுக்கு அழைத்துப் போனதுதான் முக்கியக் காரணம். 52ல் அப்படி வந்து சொல்ல யாரும் இல்லை.

நடுவில் இன்னொன்று இருக்கிறது, அதை நாம் அநேகமாக மறந்தே போய்விட்டோம். 1977 நவம்பர் 12, தீபாவளி முடிந்த கையோடு, விடியும் நேரத்தில் நாகைக்குச் சற்றுத் தெற்கே கரையைக் கடந்தது. கடற்கரையோடு நிற்காமல் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை வரை மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தது. சுமார் 560 பேர் இறந்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்து நின்றார்கள். ஆனால் சரியாக ஒரு வாரத்தில், நவம்பர் 19 அன்று, ஆந்திராவின் திவிசீமா பகுதியைத் தாக்கிய புயலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள், நாட்டின் கவனம் முழுவதும் அங்கே போய்விட்டது. நம் பக்கக் கடலில் புயலுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே 2004ல்தான் தொடங்கியது. கஜா என்றால் இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், 77ல் வந்ததற்குக் கூப்பிட ஒரு பெயர்கூட இல்லை. அதுவும் அது மறந்துபோனதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: துறைமுகத்தில் 9ஆம் எண் கூண்டு ஏற்றினால், 8ஐவிடப் பெரிய புயல் என்றுதானே அர்த்தம்?
(வாசகர், நாகூர்)

பதில்: இல்லை. இதைப் பெரும்பாலானவர்கள் தப்பாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். 8, 9, 10 மூன்றுமே தீவிரப் புயலுக்கான கூண்டுகள், வலிமையில் ஏற்றத்தாழ்வு கிடையாது. புயல் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதுதான் வித்தியாசம். புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 8, வலப்பக்கம் இருந்தால் 9, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலேயோ கடக்கும் என்றால் 10. அதைவிடக் கொஞ்சம் வலிமை குறைந்த புயலுக்கு இதே வரிசையில் 5, 6, 7. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனால் 11.

சரி, பக்கம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? நம் கடலில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே வருகிறது. ஆகவே அது கரையேறும் இடத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும், தண்ணீரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். தெற்கே இருக்கும் ஊர்களில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். 52லும் 77லும் புயல் நாகைக்குத் தெற்கேதான் கரையேறியது. அதனால் செய்தியில் "நாகைக்கு அருகே" என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள், நமக்கு வடக்கேயா தெற்கேயா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெற்கே என்றால் கடலோரத்தில் இருப்பவர்கள் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: கஜா அன்று நடு இரவுக்கு மேல் காற்று சட்டென்று நின்றது. முடிந்துவிட்டது என்று அப்பா மாட்டைப் பார்க்கக் கொட்டகைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்த அடியில் கொட்டகைக் கூரை அவர் மேலேயே விழுந்தது. உயிர் பிழைத்தார், கால் போய்விட்டது. ஏன் அப்படித் திரும்பி அடித்தது?
(வாசகர், தலைஞாயிறு)

பதில்: உங்கள் அப்பாவை நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது, அவர் செய்ததைத்தான் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். நடந்தது இதுதான். புயலின் கண் உங்கள் ஊர் மேல் போயிருக்கிறது. புயல் வரும்போது அதன் மேற்குப் பாதி முதலில் உங்களைத் தொடுகிறது, அதில் காற்று வடக்கிலிருந்து வரும், மீனவர்கள் சொல்லும் வாடை. அப்புறம் கண் வருகிறது. காற்று ஓயும், மழைகூட விடும். அது கடந்ததும் கிழக்குப் பாதி வரும், இப்போது காற்று தெற்கிலிருந்து, சோழகம். வாடையில் ஒரு பக்கம் அசைந்து ஆணி தளர்ந்த கூரையும், வேர் ஆட்டம் கண்ட மரமும் சோழகத்தில் மறுபக்கமாக விழும். அதனால்தான் இரண்டாவது அடியில் சேதம் அதிகம் என்று தோன்றுகிறது.

வெளியே போகலாமா என்று எப்படித் தெரியும்? படிப்படியாகக் குறைந்து அடங்கினால் புயல் விலகிப் போகிறது. விளக்கை அணைத்த மாதிரி ஒரேயடியாக நின்றால் நம்பவே கூடாது. மாடு கத்தினாலும் சரி, உள்ளேயே இருங்கள். மாட்டை முதல் நாள் பகலிலேயே அவிழ்த்து மேட்டுப் பக்கம் ஓட்டிவிடுவதுதான் ஒரே வழி.

கேள்வி: சுனாமி வந்தது பௌர்ணமி அன்று. அமாவாசை, பௌர்ணமிக்கும் புயலுக்கும் தொடர்பு உண்டா?
(வாசகி, வேளாங்கண்ணி)

பதில்: 2004 டிசம்பர் 26 பௌர்ணமி என்பது சரி. ஆனால் சுனாமி சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் வந்தது, நிலவு அதை உண்டாக்கவில்லை. புயலையும் நிலவு உண்டாக்காது. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் அதிகமாக இருக்கும்; அப்படி ஏற்கெனவே கடல் ஏறி நிற்கும் நாளில் புயல் வந்தால் தண்ணீர் அதன் மேல்தான் ஏறும். 1952ல் பௌர்ணமிக்கு ஓரிரு நாள்தான் இருந்தது, 77ல் அமாவாசைக்கு மறுநாள். கஜா வந்தது வளர்பிறை அஷ்டமியை ஒட்டி, கடல் ஏற்றம் குறைவாக இருக்கும் நாள். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், தரை இவ்வளவு தட்டையாக இருக்கும் ஊரில் ஒரு அடித் தண்ணீர் கூடினால்கூட எவ்வளவோ தூரம் உள்ளே வந்துவிடும்.

கேள்வி: எங்கள் தோப்பில் கஜாவுக்குத் தென்னை எல்லாம் போயின, வரப்பில் நின்ற பனைகள் அப்படியே நிற்கின்றன. மறுபடி தென்னை வைத்து வளர்த்திருக்கிறோம். என்ன செய்து காப்பாற்றுவது?
(வாசகர், பேராவூரணி)

பதில்: முழுக்கக் காப்பாற்ற முடியும் என்று சொன்னால் பொய். ஆனால் எச்சரிக்கை வந்ததும் முற்றிய குலைகளையும் அடிமட்டைகளையும் வெட்டி இறக்கிவிடுங்கள், தலைக்கனம் குறைந்தால் மரம் தாங்க வாய்ப்பு உண்டு. தோப்பில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள், ஊறிய மண் வேரைப் பிடிக்காது. இளங்கன்று சாய்ந்தால் உடனே நிமிர்த்தி மண் அணைத்து முட்டுக் கொடுங்கள், பிழைக்கும். தோப்பைச் சுற்றி, முக்கியமாகக் கடல் பக்கம், இந்த ஐப்பசி மழைக்கு முன்பே பனங்கொட்டை போட்டு வையுங்கள்.