போக 11, வர 10

கேள்வி: மகன் லண்டனில் இருக்கிறான். சென்னையிலிருந்து விமானம் போக ஏறக்குறைய 11 மணி நேரம், திரும்பி வர 10 என்கிறான். ஒரே தூரம்தானே, அதெப்படி?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: தூரம் ஒன்றுதான் அம்மா, நேராக அளந்தால் சுமார் 8,200 கிலோமீட்டர். ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் வேகக் காற்று இருக்கிறதே, அது வரும்போது முதுகைத் தள்ளும், போகும்போது முகத்தில் மோதும், குளிர்காலத்தில் இன்னும் பலமாக. உங்கள் மலை ரயிலையே பாருங்களேன், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏறக் கிட்டத்தட்ட 5 மணி நேரம், இறங்க மூன்றரை போதும் (அங்கே காரணம் காற்றல்ல, ஏற்றம்). அப்புறம் ஒன்று, டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டன் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை. அதைக் கணக்கில் சேர்க்காமல் கழித்துப் பார்த்தால் தலை சுற்றும்.