வாசகர் கேள்வி பதில்: சீனத்து அலமாரிக்கு ஊர் உண்டா?

கேள்வி: பழைய சீன அலமாரிகளில் சில கருஞ்சிவப்பாகப் பளபளக்கின்றன, சில பூச்சே இல்லாததுபோல் மரத்தின் ரேகை தெரிய நிற்கின்றன. இது காலத்தால் வந்த வேறுபாடா, வட்டாரத்தால் வந்ததா?

பதில்: இரண்டாலும்தான், ஆனால் வட்டாரத்துக்கே நான் முதலிடம் தருவேன். மிங் அரசு 1567இல் கடல் வணிகத்தடையைத் தளர்த்திய பிறகு தென்கிழக்கு ஆசியாவின் கடினமரங்கள் பெருமளவில் வந்திறங்கின. சூச்சௌ நகரத் தச்சர்களின் கையில் ஹுவாங்ஹுவாலி போன்ற மரங்களின் ரேகையே அலங்காரமாயிற்று. அதை மறைக்க யாருக்கு மனம் வரும்? உள்நாட்டு ஷான்சி மாகாணத்திலோ எல்ம், வால்நட் போன்ற உள்ளூர் மரங்களே எளிதில் கிடைத்தன. அவற்றில் செய்த அலமாரிகளுக்குப் பூச்சு அழகையும் பாதுகாப்பையும் சேர்த்தே தந்தது. அங்கு நிலவும் வறண்ட காற்றால் பழைய பொருள்கள் நிறையத் தப்பியும் இருக்கின்றன.

அந்தப் பூச்சை அரக்கு என்று நாம் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது பூச்சி தரும் பிசின் அன்று, ஒரு மரத்தைக் கீறி வடிக்கும் பால். தோலில் பட்டால் தடித்துச் சிவக்கும். வெயிலில் காய்வதற்குப் பதிலாக ஈரக்காற்றில் இறுகுவது அதன் விந்தை. ஷான்சியின் பிங்யாவ் நகரக் கைவினைஞர்கள் பல அடுக்குகளாக அதைப் பூசி, இறுதியில் உள்ளங்கையால் தேய்த்தே மெருகேற்றுவார்கள். செஜியாங் மாகாணத்து நிங்போவில் சிவப்பும் பொன்னுமாக மின்னுபவை பெரும்பாலும் மணமகளின் சீர்ப்பொருள்கள். சிவப்பு அங்கே மங்கல நிறம்.

கேள்வி: சில அலமாரிகள் மேலே குறுகிக் கீழே அகன்றிருக்கின்றன. கதவில் கீலும் இல்லை. ஏன்?

பதில்: அது வட்டமூலை அலமாரி எனப்படும் வகை. கதவுச் சட்டத்தின் மேல்நுனியும் கீழ்நுனியும் குடுமியாக நீண்டு, குழிக்குள் சுழல்கின்றன. கால்கள் சாய்ந்திருப்பதால், சற்றே திறந்து விட்ட கதவு தன் எடையாலேயே மெல்ல வந்து மூடிக்கொள்ளும். கதவுப் பலகையும் பசையின்றிச் சட்டத்தின் காடிக்குள் செருகப்பட்டதே; ஈரத்தில் உப்பினாலும் வெடிக்காது.

பல அலமாரிகளில் இரு கதவுகளுக்கு நடுவே நிற்கும் கட்டையைக் கழற்றி எடுக்கலாம். நீண்ட அங்கிகளை மடித்துக் கிடத்தியே வைத்தார்கள் என்பதால் வாய் முழுவதும் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே துணி மாட்டும் கம்பியைக் கண்டால், அது பிற்காலத்தார் சேர்த்தது என்று கொள்ளலாம்.