முதலில் பால், பிறகு நிர்வாகம்

சென்ற வாரம் ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு தாயும் பிளஸ் டூ முடித்த அவருடைய மகளும் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு எம்.பி.ஏ. படிப்பில் சேர்த்துவிடும்படி தாய்மாமன் வற்புறுத்துகிறாராம். ஒரே துறையைப் படித்தால் அதிலேயே முடங்கிவிடுவாள், நிர்வாகம் படித்தால் எந்தக் கம்பெனிக்கும் தலைமை தாங்கலாம் என்பது அவருடைய கட்சி. அந்தத் தாய்க்கு எழுதியதை இங்கே தருகிறேன்.

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் உங்கள் தம்பியின் கணக்கு தவறு. தலைமையில் இருப்பவருக்குக் கணக்கு, சந்தை, சட்டம், ஆட்களை வேலை வாங்கும் பக்குவம் எனப் பலதும் தெரிந்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் எந்தத் தொழிலையும் உள்ளே நின்று பார்க்காமல் நிர்வாகம் மட்டும் படித்தவர், தமக்குக் கீழே இருக்கும் தொழில்நுட்பர் சொல்வது நியாயமா, சாக்கா என்று பிரித்தறிய முடியாமல் திண்டாடுவார்.

அமுலின் கதையையே பாருங்கள். அதை வளர்த்தெடுத்த வர்கீஸ் குரியன் சென்னை லயோலாவில் இயற்பியலும் கிண்டியில் இயந்திரப் பொறியியலும் படித்தவர். 1949-இல் அவர் குஜராத்தில் அமுல் பிறந்த ஊரான ஆனந்துக்குப் போனது பால்மீது கொண்ட ஆசையால் அன்று. எருமைப்பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொல்லிக்கொண்டிருந்த நாளில், முடியும் என்று செய்து காட்டியவர் அவருடைய சகாவான எச்.எம். தலாயா என்னும் பால் தொழில்நுட்பர். விவசாயிகளின் நம்பிக்கையைப் பெற்றிருந்தவரோ அந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவரான திரிபுவன்தாஸ் படேல். குரியன் தலாயாவின் இடத்தைப் பிடிக்க முயலவில்லை. ஒரு துறையை ஆழமாகக் கற்றிருந்ததால்தான் இன்னொருவரின் ஆழத்தை அவரால் மதிப்பிட முடிந்தது என்பது என் எண்ணம்.

நீங்களும் நானும் கட்டணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் என்ன செய்தாள் என்பதைக் கவனித்தீர்களா? உங்கள் பையிலிருந்த பால் சொசைட்டிச் சீட்டுகளைத் தேதிவாரியாக என் மேசையில் அடுக்கி, பசுந்தீவனம் குறைந்த வாரத்தில் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருளின் அளவு) இறங்கியிருப்பதைக் காட்டினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

பொறியியல், மருத்துவம் பற்றி உறவினர்கள் போதுமான அளவு பேசியிருப்பார்கள். நான் சொல்வது பி.டெக். பால் தொழில்நுட்பம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ், கோடுவெளியில் உள்ள கல்லூரியில் நான்காண்டுப் படிப்பாக இது இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் சேராமல், அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால் பல குடும்பங்களின் கண்ணில் இது படுவதேயில்லை. பியூட்டிரோமீட்டரில் கந்தக அமிலத்தையும் பாலையும் ஊற்றிச் சுழற்றிக் கொழுப்பை அளப்பது, 72 டிகிரி செல்சியஸில் 15 வினாடி வைத்துப் பாலைப் பதப்படுத்துவது, பால்பவுடர் கோபுரத்தில் துளிகளை வெந்நீராவி சூடாக்கிய காற்றில் உலர்த்துவது எனத் தொடங்கும் இந்தத் துறைக்குள் வேதியியல், நுண்ணுயிரியல், கொதிகலன், குளிரூட்டும் இயந்திரம், சந்தை எல்லாமே அடக்கம். இரவில் குளிரூட்டி நின்றுபோனால் விடிவதற்குள் பால் திரியும். அப்போது மெக்கானிக்கையும், லாரிக்காரரையும், சொசைட்டிச் செயலாளரையும் ஒரே நேரத்தில் அழைத்துப் பேசுகிறவர்தான் தலைவர். உங்கள் தம்பி சொல்லும் பரந்த அறிவு இங்கே தொழிலோடு சேர்ந்தே வருகிறது.

நிர்வாகப் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தபின், குரியன் 1979-இல் ஆனந்தில் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனம் போன்ற இடத்துக்கு அவளே முயலட்டும். அங்கும் கட்டணம் குறைவன்று; ஆனால் அப்போது அவள் கையில் சம்பாத்தியம் இருக்கும், எதைக் கற்க வந்தோம் என்ற தெளிவும் இருக்கும்.

பணத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. 7.5 இலட்சத்துக்கு மேல் கல்விக் கடன் கேட்டால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். மாடுகளுக்குத் தீவனம் தரும் உங்கள் நிலத்தின் பத்திரத்தை இந்த எம்.பி.ஏ.வுக்காக வங்கியில் வைக்காதீர்கள். இடத்தைப் பிடித்துவைக்க முன்பணம் கட்டச் சொல்லி உங்கள் தம்பி மீண்டும் அழைத்தால், என் எண்ணைக் கொடுத்து என்னிடம் பேசச் சொல்லுங்கள்.