‘ஸ்டார் ட்ரெக்: எண்டர்பிரைஸ்’ முதல் சீசனிலேயே போரடித்து நிறுத்திவிட்டேன். நான்காவது சீசனுக்காக மறுபடி பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் விட்ட இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வர வேண்டியதில்லை.

2001இல் தொடங்கியபோதே கையில் நல்ல கரு இருந்தது. கதை நடப்பது 2151இல். ஸ்டார் ட்ரெக் உலகில் பல கிரகங்கள் சேர்ந்து அமைக்கும் கூட்டமைப்பு உருவாக இன்னும் பத்து வருடம் இருக்கிறது. மனிதர்கள், வல்கன்கள், ஆண்டோரியர்கள், டெல்லரைட்டுகள் என்று ஒருவரையொருவர் நம்பாத நான்கு கூட்டம் எப்படிக் கைகோத்தது? முதல் இரண்டு சீசன்கள் இதைத் தொட்டும் தொடாமலும் போயின. வாரம் ஒரு கிரகம், வாரம் ஒரு சிக்கல். மூன்றாவதில் பூமியைத் தாக்கிய ஸிண்டி இனத்தின் கதையால் வேகம் கூடியது உண்மை, ஆனால் அதுவும் வேறு திசையில் போன கதைதான்.

நான்காவதில் எழுத்தாளர் மானி கோட்டோ தொடரை நடத்தும் பொறுப்பை ஏற்றதும் தொடர் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. இரண்டு மூன்று எபிசோடுகளில் முடியும் கதைகள். ‘யுனைடெட்’டையே எடுத்துக்கொள்ளுங்கள். தன் காதலியைக் கொன்ற டெல்லரைட்டை ஆண்டோரியத் தளபதி ஷ்ரான் சண்டைக்கு அழைக்கிறான். யார் செத்தாலும் இரு தரப்புக்கும் நடக்கும் பேச்சுவார்த்தை அம்போ. அதனால் டெல்லரைட்டுக்குப் பதிலாக எண்டர்பிரைஸ் கப்பலின் கேப்டன் ஆர்ச்சரே பனி வெட்டும் கத்தியோடு இறங்குகிறார், ஷ்ரானின் உணர்கொம்பு ஒன்றை வெட்டிச் சண்டையை முடிக்கிறார். இரண்டு பேருமே சாகவில்லை, பேச்சும் முறியவில்லை. கூட்டமைப்பு எப்படிப் பிறந்திருக்கும் என்று அந்தச் சில நிமிடங்களில் புரிந்துவிடுகிறது. இது ஒளிபரப்பான 2005 பிப்ரவரியில்தான் தொடரை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள் என்பது வேறு வயிற்றெரிச்சல்.

வல்கன்கள் ஏன் இவ்வளவு பொய் சொல்கிறார்கள் என்று ரசிகர்கள் ஆரம்பத்திலிருந்தே புலம்பினார்கள். ‘தி ஃபோர்ஜ்’ முதலான மூன்று எபிசோடுகள் அந்தக் குறையையே கதையாக்கின: தங்கள் பழைய ஞானி சுராக்கின் போதனையிலிருந்து அவர்கள் விலகிப்போய்விட்டார்களாம். சாமர்த்தியம்! கிளிங்கன் இனத்தாருக்கு முதல் ஸ்டார் ட்ரெக் தொடரில் மட்டும் நெற்றி மேடுகள் ஏன் இல்லை என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது அவசியமாகப் படவில்லை.

முதல் சீசனில் ‘தி ஆண்டோரியன் இன்சிடென்ட்’ மட்டும் பாருங்கள், ஷ்ரான் அறிமுகமாவது அதில்தான். அப்புறம் நேராக நான்காவது. அதிலும் நாஜிகள் வரும் முதல் இரண்டைத் தாண்டிவிடலாம். ‘டெர்ரா பிரைம்’ முடிந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசி எபிசோட் வேறொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் அதிகாரி ரைக்கரைக் கொண்டுவந்து, இவர்கள் எல்லோரையும் அவர் ஹாலோடெக் என்ற மாயக்காட்சி அறையில் ஓட்டிப் பார்க்கும் காட்சியாக்கிவிடுகிறது.